வெள்ளையில் விழுந்த பொட்டு

பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தி வருகிறார். பதினொன்று இருபதுக்கு யுவனேஸ்வரி நார்த்மீட் புறநகரில் தன் வீட்டு ஹாலில் ஈரத் துணியோடு நின்று, தான் செய்த வேலையைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

செய்தது வேறொன்றுமில்லை. மகளைக் கட்டப்போகும் மாப்பிள்ளை வெய்யின் தகப்பன் மிஸ்டர் லியாங் தன் கையால் தூரிகை பிடித்து எழுதி அனுப்பிய சீன எழுத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். வீட்டுக்கு வரும் எந்தப் புதுச் சாமானையும் அவள் பொட்டில்லாமல் விட்டதில்லை. கார், ஃபிரிட்ஜ், போன மாதம் வாங்கிய ரைஸ் குக்கர் உட்பட. சுவரில் மாட்டிய இந்தத் தாளில் வேறு அவ்வளவு வெள்ளை சும்மா கிடந்தது. காலையில் சாமி கும்பிட்ட கையோடு, தண்ணீரில் குழைத்த குங்குமத்தை எழுத்துக்கு மேலே நச்சென்று வைத்துவிட்டாள்.

மகள் மிருணாளினி கண்டுவிட்டுக் கத்தினாள். "ஐயோ அம்மா! அந்த வெள்ளையும் எழுத்துத்தான். எவ்வளவு இடம் விடோணும் எண்டு யோசிச்சு யோசிச்சு எழுதினவர். ஓ மை கோட்!"

பதறிப்போய்த் துடைத்தாள். அதுதான் வினையாகிப் போனது. ஈரத்தைக் குடிக்கிற தாள் அது. பொட்டு வால் முளைத்து மூலைவரை இழுபட்டது.

மேலே கூரை, கீழே ஒரு பெண், சேர்ந்தால் நிம்மதி என்று அந்த எழுத்துக்கு மகள் பொருள் சொல்லியிருந்தாள். நிம்மதியாம்! இந்தக் கூரைக்குக் கீழே நின்ற பெண்ணுக்கு அது மருந்துக்கும் இல்லை. தாள் போனால் போகட்டும். இரண்டு வருடம் சீனப் பெடியன் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். அது மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். வேண்டுமென்றே செய்தாள் என்றுதானே நினைப்பார்கள்? மகளின் முகத்தில் பிறகு எப்படி விழிப்பது?

"மாலையொண்டு போட்டு மறைச்சு விடுவமே?" என்றார் கணவர் அருந்தவன்.

"மாலை போட்டால் செத்த ஆளின்ர படம் மாதிரிக் கிடக்கும். நீங்கள் சும்மா இருங்கோ!"

குசினிக்குப் போய் அடுப்பைப் பார்த்தாள். வந்தாள். தாளைக் கழற்றப் போனாள். கை வரவில்லை. அதற்குள் பெல் அடித்தது.

மிஸ்டர் லியாங் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே தாளுக்கு முன்னால் போய் நின்றார். வெய் பின்னால் நின்றான். கிழவரின் சுட்டுவிரல் காற்றில் எழும்பி, பொட்டு விழுந்த இடத்தில் நின்று, வாலோடு மெல்ல மெல்ல ஓடியது.

யுவனேஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தாள். இந்தக் கலியாணத்தை நான் விரும்பவில்லை, அது உண்மை. ஆனால் இதை அதற்காகச் செய்யவில்லை, சத்தியமாக இல்லை.

"தெரியும்" என்றார் அவர், நிதானமான ஆங்கிலத்தில். "வைத்த கை தயங்கவில்லை. துடைத்த கைதான் பயந்திருக்கிறது. தாளில் எல்லாம் தெரியும். அதனால்தான் தூரிகை பிடிக்கிறவர்கள் போட்ட கோட்டைத் திருத்துவதில்லை. நீங்களும் அப்படியே விட்டிருக்கலாம்." பிறகு கேட்டார்: "இதை எதற்கு வைப்பீர்கள்?"

"வீட்டுக்கு வந்ததுக்கு. இனி இது எங்களுடையது என்று."

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருடமாக இந்தப் பெடியன் இதே வாசலால் வந்து, கதிரை நுனியில் இருந்து, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறான். ரைஸ் குக்கருக்கு வைத்த பொட்டை இவனுக்கு வைக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுசியா?

விறுவிறென்று சாமியறைக்குப் போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"தம்பி, கொஞ்சம் குனியுங்கோ."

வெய்க்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் குனிந்தான். மிஸ்டர் லியாங் மகனின் நெற்றியைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.