பேடு கட்டிய அம்பயர்

ஆறாவது விக்கெட் விழுந்தபோது டெஸ் கிரீவ் பந்து வீசும் முனையில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். கோட்டுக்குக் கீழே இரண்டு காலிலும் பேடு. பத்தாவதாக மட்டை பிடிக்கப் போகிறவனே அம்பயராகவும் நிற்பது நல்ல கூத்துதான். அந்த வட்டாரத்தில் இறுதி ஆட்டத்துக்கு மட்டும்தான் வெளியிலிருந்து அம்பயர் வருவார்கள். மற்ற சனிக்கிழமைகளில் மட்டை பிடிக்கிற கட்சியே தன் ஆட்களில் இரண்டு பேரை அனுப்ப வேண்டும். அவுட்டானவன் வந்து நிற்பவனை மாற்றிவிட வேண்டும் என்பது முறை. ஒருவனும் வரவில்லை. தகரக் கொட்டகை நிழலில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பீரைக் கையில் வைத்துக்கொண்டு, தாங்கள் அவுட்டான கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒருவனுக்கு வெயில் கண்ணில் அடித்தது. ஒருவனுக்கு ஆடுகளத்தின் மேல் விரித்த பாயில் மடிப்பு இருந்தது. கேப்டன் நோயலுக்குப் பந்தே சரியில்லை. அவன் பந்து வருவதற்கு முன்பே இரண்டடி விலகிப்போய், மூன்று ஸ்டம்பையும் கல்யாண வீட்டு வாசல் மாதிரி திறந்து வைத்திருந்ததை டெஸ் எதிர்முனையிலிருந்து பார்த்திருந்தான்.

எதிர்க்கட்சி எடுத்தது தொண்ணூற்று மூன்று. ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. இல்லையென்றால் இந்த வருஷத்துக்கு இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இருபத்தோரு ரன்னுக்கு ஆறு விக்கெட் போய்விட்டது.

ஐந்து விக்கெட் ஜாரட்டுடையது. ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரன், மாநில அணிக்கு ஆடியவன். முதுகில் அடிபட்டு, ஆறின பிறகு உடம்பைச் சோதித்துப் பார்க்கப் பழைய ஊர்க்கட்சிக்கு வந்திருந்தான். ஒவ்வொரு ஓவருக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றி, "இந்தாங்கண்ணே, கொஞ்சம் வெச்சிக்குங்க" என்று மரியாதையாக டெஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் போவான். அப்புறம் ஓடி வருவான். அந்த ஓட்டத்தில் அவசரமே கிடையாது. டெஸ்ஸின் தோளை உரசிக்கொண்டு போகிறபோது ஒரு மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். பந்து போகிற இடம் கண்ணுக்கு எட்டாது. ஒரு பந்து நெஞ்செலும்பைத் தேடி எழும்பும். அடுத்ததும் அதே இடத்தில்தான் விழும், ஆனால் கடைசி ஒரு கஜத்தில் உள்ளே திரும்பிக் காலைத் தேடும். வேலை தெரிந்தவன் என்று டெஸ் நினைத்தான். வேலை தெரிந்தவனிடம் தோற்பதில் வெட்கமில்லை. நிற்காமல் ஓடுவதில்தான் வெட்கம்.

நின்றவன் ஒருவன் இருந்தான். அதுதான் டெஸ்ஸின் வயிற்றை எரித்தது.

முதலில் இறங்கிய லைல் ஹார்டிகன் இன்னும் அவுட்டாகவில்லை. விலாவில் ஒன்று வாங்கினான். சத்தம் கொட்டகை வரை கேட்டது. தடவிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலில் ஒன்று வாங்கினான், கையுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். எழும்புகிற பந்தைத் தலை குனிந்து விட்டான், உள்ளே வருவதைத் தளர்த்திப் பிடித்த மட்டையால் காலடியில் போட்டான், ஜாரட் ஓய்வெடுத்த ஓவர்களில் மற்றவர்களை அடித்தான். ஏழாவது விக்கெட் விழுந்தபோது அறுபத்தொன்று வந்திருந்தது.

நிற்க வேண்டிய நாளில் நிற்காதவன் இன்றைக்கு நிற்கிறான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இறைச்சி ஆலையில் ஏழு வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரே சங்கிலியில் தொங்கி வருகிற ஆட்டுக்கு டெஸ் தோலுரிப்பான், பக்கத்தில் நின்று லைல் குடலெடுப்பான். பன்னிரண்டு வருஷம் அப்படி. ஐந்தாவது வாரம் ஜன்னலுக்கு வலையடித்த பஸ் ஒன்று வாசலுக்குள் போனது. உள்ளே பதினான்கு கருங்காலிகள். பதின்மூன்று பேர் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். லைல் மட்டும் வலைக்குப் பின்னாலிருந்து டெஸ்ஸை நேராகப் பார்த்துக்கொண்டே போனான். அவன் பெண்டாட்டிக்கு ஐந்து மாதம் என்று பிறகு சொன்னார்கள். காரணம் யாருக்குத்தான் இல்லை? டெஸ்ஸின் பெண்டாட்டி உருளைக்கிழங்கை வேக வைத்தே ஏழு வாரமும் பிள்ளைகளுக்குப் போட்டாள். வேலைநிறுத்தம் தோற்றது. எட்டுப் பேரைத் திரும்பச் சேர்க்கவில்லை. டெஸ் அந்த எட்டில் ஒருவன். அன்றையிலிருந்து ரோட்டுக் குழிக்குத் தார் ஊற்றுகிறான். காற்று திரும்பினால் ஆலையின் நாற்றம் தார் வாசனையையும் மீறிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொள்ளாயிரம் பேர் இருக்கிற ஊரில் பதினோரு பேர் சேர்ப்பதே பெரும்பாடு, அதனால் ஒரே கட்சியில் ஆடினார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ஒருவன் தேவை. "அவன்கிட்ட ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லு" என்பான் டெஸ், லைல் எட்டி உதைக்கிற தூரத்தில் நிற்கும்போதே.

எண்பது ரன்னுக்கு ஏழு. இன்னும் பதினான்கு. ஜாரட் கடைசித் தவணைக்குத் திரும்பி வந்தான்.

அக்கரைக் கட்சியின் விக்கெட் கீப்பர், வாயாடி, தூரத்திலிருந்தே கூவினான். "என்னா பெருசு, கோட்டுக்குள்ள பேடு? இங்கயும் ஒண்ணு பாஞ்சு வரும்னு பயமா?"

"உங்க ஆளுங்க காலையில பண்ண திருட்டுத்தனத்துக்கு நீ பேசவே கூடாது, மூடு" என்றான் டெஸ்.

காலையில் அவர்கள் மட்டை பிடித்தபோது அவர்கள் நிறுத்திய அம்பயர் பந்து காலில் பட்ட மூன்று எல்பிடபிள்யூவை மறுத்தான். மூன்றும் நடு ஸ்டம்புக்கு நேரானவை. தன் கட்சிக்காரனுக்கு அவுட் என்று விரல் தூக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். எல்லாரும் அப்படித்தான். ஆனாலும் டெஸ் கத்தித் தீர்த்துவிட்டான். "வெள்ளக் கோட்டு போட்டுட்டா திருடன் சாமியாராயிடுவானா? கண்ணு பார்த்தத வாயால சொல்றதுக்கு ஒரு ஆம்பள கூடவா இல்ல உங்க ஊர்ல?" கொட்டகையில் எல்லாரும் கைதட்டினார்கள். நோயல்தான் பலமாகத் தட்டினான்.

ஓவரின் மூன்றாவது பந்து. ஜாரட் மூச்சுச் சத்தத்தோடு கடந்து போனான். லைல் முன்காலைப் போட்டான். பந்து உள்ளே திரும்பியது, மட்டையின் ஓரத்தைக்கூடத் தொடாமல் முழங்காலுக்குக் கீழே பேடில் இடித்தது. நடு ஸ்டம்பு அந்தக் காலுக்குப் பின்னால் முழுசாக மறைந்திருந்தது.

பதினோரு பேரும் கத்தினார்கள். ஜாரட் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, டெஸ்ஸின் முகத்துக்கு நேராகக் கேட்டான்.

அவுட். பிறந்த குழந்தையும் சொல்லும் அவுட் என்று. தலையை ஆட்டிவிட்டு நின்றால் போதும். எதிர்க்கட்சிகூட அதைத்தான் எதிர்பார்த்தது. ஜாரட் பாதி திரும்பிவிட்டான். டெஸ் லைலைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த மாதிரியே, மறைக்காமல், நேராக, லைல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெஸ்ஸின் விரல் மேலே போனது.

போன பிறகுதான் அவனுக்குத் திகில் பிடித்தது. கண் பார்த்ததைச் சொல்லத்தான் போனதா, ஒன்பது வருஷமாய்க் காத்திருந்து போனதா? காலையில் கத்தியவன் தூக்கிய விரலா, வாசலில் நின்றவன் தூக்கிய விரலா? அறுத்துப் பார்த்தால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது போலிருந்தது. விரலைக் கீழே இறக்க மறந்து நின்றான்.

கொட்டகையில் நாற்காலி கவிழ்ந்தது. நோயல் டெஸ்ஸின் மட்டையையும் கையுறையையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தான். பாதி வழியிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"கருங்காலி! டேய், சொந்தக் கட்சியவே குத்துற கருங்காலி!"

வேலைநிறுத்த வாசலில் டெஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, அதே சொல்லை அதே பஸ்ஸைப் பார்த்துக் கத்தியவன் நோயல். ஊரில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்வதில்லை. கொட்டகைக்குப் பாதி தூரம் போயிருந்த லைல் நின்றான். திரும்பி வந்தான்.

"பேசுனது போதும் நோயல்" என்றான். "நல்ல அவுட்டு. எந்த அம்பயரா இருந்தாலும் குடுத்திருப்பான். அவன் சரியாத்தான் குடுத்தான்."

டெஸ்ஸுக்குக் காது வரை சூடேறியது. நோயல் திட்டியது தோலில் பட்டது. இது எலும்பில் பட்டது. கையை ஓங்கிவிடுவோமோ என்று பயந்து இரண்டு கையையும் கோட்டுப் பையில் திணித்தான். பந்து எண்ணுகிற கூழாங்கற்கள் விரலில் குத்தின.

"நோயல், அவன்கிட்ட சொல்லு. அவனோட சாட்சி எனக்கு வேணாம்னு சொல்லு."

"நீயே சொல்லித் தொலையேன்டா! ரெண்டு பேருக்கும் நடுவுல ஒம்போது வருஷமா தபால்காரன் வேல பாக்குறேன், சம்பளமா குடுக்குறீங்க?" நோயல் மட்டையையும் கையுறையையும் தரையில் எறிந்தான். "போ. பதினாலு ரன்னு வேணும். நேர்மையா போய் அடிச்சுக் கிழி."

"அம்பயரு யாருண்ணே?" என்று கேட்டான் ஜாரட்.

நோயல் கொட்டகையைப் பார்த்தான். அங்கே யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவன் லைலைப் பார்த்தான். "சட்டம் பேசுனல்ல? நீயே நில்லு."

டெஸ் கோட்டைக் கழற்றினான். அதை வாங்க லைல் கையை நீட்டினான். டெஸ் கோட்டை ஸ்டம்பின் மேல் போட்டுவிட்டு, கையுறையை மாட்டி, மட்டையை எடுத்துக்கொண்டு எதிர்முனைக்கு நடந்தான். இருபத்திரண்டு கஜம். நடக்க நடக்க ஆத்திரம் குறையும் என்று நினைத்தான். குறையவில்லை. வாயாடிக் கீப்பர்கூட ஒதுங்கி வழிவிட்டான்.

குனிந்து மட்டையை நேராக நிறுத்தினான். எந்த ஸ்டம்புக்கு நேராக மட்டையை நிறுத்த வேண்டும் என்று அம்பயரிடம் சொல்லி, அவர் கை காட்டுகிற இடத்தில் கோடு போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையும் அப்படித்தான் ஆடும். 'நடு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதிர்முனையில் லைல் கோட்டை மாட்டிக்கொண்டு, பேடு கட்டிய காலை அகட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி நின்றான். அடிபட்ட விலாப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கேட்கட்டும் என்று காத்திருந்தான்.

ஈ ஒன்று டெஸ்ஸின் உதட்டில் உட்கார்ந்தது. அதை ஊதக்கூட அவன் வாயைத் திறக்கவில்லை.

லைல் மெதுவாகக் கையைத் தூக்கி, கேட்காமலே, இடப்பக்கம் ஒரு விரற்கடை என்று காட்டினான். மட்டை நகரவில்லை. லைல் மறுபடியும் காட்டினான். மட்டையின் நிழல் மட்டும் பாயின் மேல் நீளமாக, கோணலாகக் கிடந்தது. ஜாரட் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டே, ஓடத் தொடங்கும் இடத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான்.