ஸ்டீபன்ராஜின் சுமேரியா

எலிசா விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா ரோஸ்லினைப் பார்க்கத் திண்டிவனம் போவாள். அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா புருஷனையும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

ஸ்டீபன்ராஜ் டைல்ஸ் கடைக்காரன். பழங்கால நகரங்களைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டு ஒன்றைச் சில வாரங்களாக ஆடிக்கொண்டிருந்தான். அந்தத் தைரியத்தில் எலிசாவுக்கே பாடம் எடுத்தான்.

"நீ இத்தினி வருசமா புக்கைக் கட்டிக்கினு அழுவுற. நான் ஒரே மாசத்துல சுமேரியாவை முடிச்சிட்டேன்."

"அங்க இருந்த ஊருங்க பேரு ரெண்டு சொல்லுங்க மாமா, பார்க்கலாம்."

"பேரா முக்கியம்? ஜெயிச்சமா இல்லையா?"

"கேம்ல கோயில் கட்டுனீங்களே, செங்கல் சுமந்தது யாரு?"

"யாருக்குத் தெரியும்? ஓரத்துல ஒரு நம்பர் ஓடும்." கறிக்குழம்பு ஒட்டிய விரலை நக்கிக்கொண்டான். "வாய் பேசாத. ஆடிக் காட்டு."

எலிசா அவன் கணினி முன்னால் உட்கார்ந்தாள். வாய்க்கால் வெட்டினாள், களஞ்சியம் கட்டினாள், மதில் கட்ட மறந்தாள். பக்கத்து நாட்டுப் படை வந்து எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போனது. ஸ்டீபன்ராஜுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

"எம்.ஏ. படிச்சி என்னா பிரயோஜனம்?"

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவனிடம் போய்த் தோற்றோமே என்றிருந்தது. அந்த விளையாட்டில் உள்ள பிழைகளையெல்லாம் பொறுக்கி அவன் முகத்தில் வீச வேண்டும் என்றே தன் லேப்டாப்பில் அதை ஏற்றினாள்.

பிழைகளுக்குப் பஞ்சமில்லை. குதிரைகள் காலத்துக்கு முந்தியே ஓடின. உழவன் சினிமா நடிகன் மாதிரி இருந்தான். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். பிறகு அவளுடைய கோதுமை வயல்கள் ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று மேலும் வாய்க்கால் வெட்டினாள். விளைச்சல் இன்னும் விழுந்தது. மண் வெள்ளையாகப் பூத்தது. ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

உப்பு.

'நீர்ப்பாசனத்தால் நிலம் உவரானது.' ஆண்டுதோறும் இரண்டு மதிப்பெண் விடையாக அவள் சொல்லி எழுத வைத்த வரி. ஒருமுறைகூட அதை நினைத்துப் பார்த்ததில்லை. கோதுமையை விட்டு, உப்பைத் தாங்கும் பார்லிக்கு மாறியதும்தான் ஊர் பிழைத்தது. எப்போதோ செத்துப்போன உழவர்களுக்காக முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது. விடையை மனப்பாடமாக ஒப்பித்த தன்மேலும் கொஞ்சம் அருவருப்பு வந்தது.

திங்கட்கிழமை அவள் எதையும் சொல்லி எழுத வைக்கவில்லை. பலகையில் ஒரு வாய்க்கால் வரைந்து, "வெயில்ல தண்ணி காஞ்சிடும். அதுல இருந்த உப்பு எங்க போவும்?" என்று கேட்டாள். வகுப்பே ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசியது.

அடுத்த ஞாயிறு ஸ்டீபன்ராஜ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "என்னா டீச்சர், பயந்துட்டியா?"

"மாமா, உங்க வயல்ல எப்பனா விளைச்சல் கொறைஞ்சிதா?"

"வயலா? நான் எதுக்கு வயல் போடணும்? பக்கத்து நாட்டுல புடுங்கிக்குவேன்."

உப்பைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். இவனுக்குச் சொல்வது தண்டம் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவைத் தேடி உள்ளே போனாள்.