மல்லித்தண்ணிக் கொலின்ஸ்

பழனியாண்டி எலுமிச்சைத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவினான். தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் துரைக்குக் கொலின்ஸ் கலக்கும்போதும் அப்படித்தான். ஜின், எலுமிச்சைச் சாறு, சீனி, மேலே சோடா. பங்குனியில் ஒரு விருந்து முடிந்தபோது, கழுவ வந்த கிளாஸ்களில் மிஞ்சியதையெல்லாம் குடித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தான். அது முதல் தடவை அல்ல. மறுநாள் மனைவி ராசம்மாவின் அண்ணன் முத்துலிங்கம் அவளை நல்லதண்ணியில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். பழனியாண்டி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த பிறகே திருப்பி அனுப்பினான். இன்னொரு தடவை நடந்தால் அவள் வரமாட்டாள் என்று சொல்லித்தான் அனுப்பினான்.

அன்றிலிருந்து சாயங்காலம் ராசம்மா வாசலை மறித்து நிற்பாள்.

"ஊதுங்க."

அவன் ஊதுவான். வழி விடுவாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மாதம் கழித்து வந்திருந்த முத்துலிங்கம் வீட்டு முன்னாலிருந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து பழனியாண்டியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ராசம்மா விறகுக்குப் போயிருந்தாள்.

பழனியாண்டி, காலையிலேயே வடித்துப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் ஆறவைத்திருந்த ஒரு போத்தலைத் திறந்தான். ஒரு மூடி அளந்து கிளாஸில் விட்டான். விளிம்போடு துடைத்துவிட்டு இன்னொரு மூடி. சோடாவைச் சாய்த்து ஊற்றினான். நுரை எழும்பியது.

"என்ன மாப்ள அது?"

"கொலின்ஸ், மச்சான். ஒங்களுக்குத்தான்."

முத்துலிங்கம் எழுந்துவிட்டான். ராசம்மா விறகுக்கட்டோடு வந்தாள்.

"தங்கச்சி, துணிமணிய எடு. பட்டப்பகல்ல, என் கண்ணு முன்னாடியே கலக்குறாரு."

அவள் கட்டை இறக்கினாள். கிளாஸைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"குடிச்சுப் பாரு."

முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தாள். பிறகு நிறுத்தாமல் பாதிக் கிளாஸ். பெரிதாக ஏப்பம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, காச்சலுக்கு அவிக்கிற மல்லித்தண்ணி!"

"எனக்கென்ன காச்சலா?"

"ஜின் போத்தலத் தொடைக்கிறப்பல்லாம் அதான் மணக்கும், மச்சான்" என்றான் பழனியாண்டி. "காரத்துக்கு அடியில கொத்தமல்லி. சொன்னா யாரு நம்புவா?"

முத்துலிங்கம் அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்தான். தோல் சுருள் மூக்கில் இடித்தது. "இதுக்கா தொரமாரு அந்தக் கூத்துக் கட்டுறாங்க?" என்றான். கிளாஸைத் திருப்பித் தரவில்லை. "இருந்தாலும் ஊதச் சொல்லு தங்கச்சி."

ராசம்மா விறகை உள்ளே வைக்க எடுத்தாள். பழனியாண்டி முந்திப் போய்க் கதவை மறித்து நின்றான்.

"இன்னக்கி நீ ஊது."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எட்டி, புருஷன் முகத்தில் மெதுவாக ஊதினாள்.

அவன் நகரவில்லை.

"சரியா தெரியல. இன்னொருக்கா."

முத்துலிங்கத்தின் கையிலிருந்த கிளாஸில் சோடாக் குமிழிகள் தோல் சுருளைச் சுற்றிச் சுற்றி மேலே வந்துகொண்டிருந்தன.