கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

பல்லடத்தில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி தரணீதரனுடையது. அவன் பெண்டாட்டி வினிதா கணக்கில் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். ரத்தக் குழாயின் உள்சுவரில் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்குமாம். இரண்டு செல்லுக்கு நடுவே ஒரு பொடிச் சந்து இருக்குமாம். அந்தச் சந்து வழியாக ரத்தத்திலுள்ள நீர் சுவருக்குள் எவ்வளவு கசியும் என்பதைச் சமன்பாடாக எழுதிப் பார்ப்பதுதான் அவள் வேலை. இதற்கா இத்தனை வருஷம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். தரணி ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணுக்குத் தெரியாத கசிவை அளப்பது என்ன லேசுப்பட்ட காரியமா?

காலையில் அவன் இட்லி தின்னும்போதுதான் அந்தச் சந்தைப் பற்றிய அவள் புலம்பல் ஆரம்பிக்கும். அவன் காதில் செல்போன் இருக்கும். அந்தப் பக்கம் சாயப்பட்டறைக்காரர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். "கேக்கறீங்களா மாமா?" என்பாள். இவன் "ம்" என்பான். அந்த "ம்"மை எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்?

கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. இத்தனை வருஷம் பாடுபட்டதற்குப் பட்டம் உண்டா இல்லையா என்று அன்றைக்குத்தான் முடிவாகும். கல்லூரி அரங்கில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். தன் தங்கையின் வைவாவைப் பார்த்திருந்த நண்பன் குணா, தரணியை நன்றாகக் கிளப்பிவிட்டிருந்தான். கூட்டத்திலிருந்து ஒருத்தரும் கேள்வி கேட்காவிட்டால், பந்தியில் உட்கார ஆளில்லாத கல்யாணம் மாதிரி ஆகிவிடும் என்றான்.

வினிதாவுக்கு அப்படியொரு குறை வரலாமா? அவள் எதைக் கேட்டால் பொரிந்து தள்ளுவாள் என்று தரணி யோசித்தான். தினமும் வாய் ஓயாமல் எதைப் பேசுகிறாளோ அதைத்தான். அதையே ஒரு கேள்வியாக்கி, கார் ஓட்டி வரும்போது மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவளிடம் மூச்சுவிடவில்லை.

வினிதா அருமையாகப் பேசினாள். சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்து, வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். கடைசி வரிசையில் தரணி எழுந்து நின்றான். கட்டியவளை வாழ்நாளில் முதல்முறையாக ‘உங்க’ போட்டுப் பேசினான்.

"ஏனுங்க, ரத்த அழுத்தம் எச்சானா அந்தச் சந்தும் அகலமாயிருமில்லீங்க? உங்க கணக்குல அதுக்கு எடம் இருக்குதுங்களா?"

வினிதாவின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தெரிந்த விஷயத்தையா ஒருத்தி தினமும் புலம்புவாள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. தேர்வாளர் வேறு நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கேள்வி, சொல்லுங்கள் என்றார். ஐயோ, அவள் உழைப்பையெல்லாம் நம் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று தரணி பதறினான். உட்காரக்கூடத் தோன்றவில்லை.

வினிதா தண்ணீர் குடித்தாள்.

"தெரியலீங்க. சந்து அகலாதுன்னு வெச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கறேன். சாதாரண அழுத்தத்துக்கு அது சரியா வருதுங்க. அழுத்தம் ரொம்ப ஏறிட்டா, இந்தக் கணக்க நம்பக் கூடாது."

இதை ஏன் ஆய்வேட்டில் எழுதவில்லை என்று தேர்வாளர் கேட்டார். எழுதப் பயமாக இருந்தது என்று மறைக்காமல் சொன்னாள். அவர் அவளுடைய நெறியாளரோடு கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். அது முடிவதற்குள் தரணி தெரிந்த முருகனையெல்லாம் கூப்பிட்டுவிட்டான். பிறகு தேர்வாளர் எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். தன் கணக்கை எதுவரை நம்பலாம் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, இப்போது சொன்னதை மட்டும் ஆய்வேட்டில் சேர்த்துவிட வேண்டும் என்றார். அரங்கம் கைதட்டியது. தரணி அப்போதுதான் உட்கார்ந்தான்.

லட்டும் மிக்சரும் கொடுத்து முடித்துவிட்டு இருவரும் காருக்கு வந்தார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரணி தலைகுனிந்து நின்றான்.

"மன்னிச்சுக்க கண்ணு. நீ தெனமும் அதையவே பேசறங்காட்டி, அதுதான் உனக்கு நல்லா வரும்னு நெனச்சுப்போட்டேன்."

வினிதா முதலில் சிரித்தாள். அப்புறம் கண் கலங்கிவிட்டது.

"போன்ல பேசிக்கிட்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டுங்களா இருந்தீங்க?"

"ம்" என்றான் தரணி.

இந்த முறை அவள் நம்பினாள்.