நெம்பர் போட்ட மரம்

முதல் கல் எழிலின் நெற்றியில் விழுந்தது. இரண்டாவது கல் வந்ததை அன்புக்கரசி பார்க்கவே இல்லை. காதோரம் சுரீரென்று எரிந்தது, கையை வைத்தாள், கை சிவந்தது. அப்போதும் அவளுக்கு வலி உறைக்கவில்லை. முன்னால் ஒரு உசிலை மரம் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் இடுப்பில் முந்தின நாள் அவள் சிவப்புப் பெயிண்டில் எழுதிய ஏழு, காலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

கருமத்தம்பட்டியைத் தாண்டி, விசைத்தறிச் சத்தம் ஓயும் இடத்தில் இருக்கிறது உசிலங்கரடு. பெரிய மலையெல்லாம் இல்லை, ஆடு ஏறி இறங்குகிற பாறைக் குன்று. பார்க்கிறவர்களுக்கு வெறும் முள்ளுக்காடு. அரசாங்கக் காகிதத்தில் தரிசு. உசிலையும் வெள்வேலும் கிளுவையும், அவற்றின் காலடியில் திருகுகள்ளியும் கொழுக்கட்டைப் புல்லும் ஒன்றையொன்று அண்டி, யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல் காலங்காலமாகப் பிழைத்து வருகிற கூட்டம் அது. இதற்குத் தரிசு என்று பெயர் எழுதிய புண்ணியவான் யாரோ, கையில் கிடைத்தால் அன்புக்கரசி சும்மா விடமாட்டாள்.

இப்படிப்பட்ட கூட்டங்களை வகை பிரித்து வரைபடத்தில் ஏற்றுவதுதான் அவளுக்கும் எழிலுக்கும் வேலை. இயற்கையாக வளர்ந்த முட்காடு என்று வரைபடத்தில் ஏறிவிட்டால், அந்த இடத்தில் குவாரிக்கு அனுமதி கிடையாது. மில் முதலாளி லட்சுமணசாமி உசிலங்கரட்டை உடைத்து ஜல்லியாக்க மனுப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை, அனுமதி கொடுக்கிற அரசாங்கக் குழு நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லும். கரடு இருக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

உண்மையில் மரத்தில் எண் எழுத வேண்டிய அவசியமே இல்லை. கயிறு பிடித்துச் சதுரம் கட்டி, மூலைக்கு மூலை இரும்பு முளை அடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கணக்கெடுத்து, இடத்தைக் கருவியில் பதிந்தால் போதும். ஆனால் போன வருடம் காரமடைப் பக்கத்துக்கு அவள் கொடுத்த அறிக்கையை, ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதினதா என்று கேட்டு ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அந்த ரோஷம் அவளுக்கு ஆறவில்லை. அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு சதுரத்திலும் இருப்பதிலேயே நல்ல மரமாகப் பார்த்துப் பெரிதாக எண் போட்டாள். இவ்வளவு பெரிசு எதுக்கு என்று எழில் கேட்டான். குருடனுக்கும் தெரியணும் என்றாள்.

குருடனுக்கும் தெரிந்தது. ஊருக்கே தெரிந்தது. ரோடு அகலப்படுத்தியபோது இந்த ஊர்ப் புளியமரங்களுக்கும் வேப்பமரங்களுக்கும் இதே மாதிரிதான் சிவப்பில் எண் போட்டார்கள். மறுநாளே ரம்பம் வந்தது. மரமெல்லாம் கான்ட்ராக்டர் லாரியில் போயிற்று, ஊருக்கு ஒரு சுள்ளி மிஞ்சவில்லை. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் மரத்துக்கு எண் போட்டால் ஒரே அர்த்தம்தான். எட்டு வருடம் செடி கொடியைப் படித்த அன்புக்கரசிக்கு இது தோன்றவே இல்லை.

ஏழாம் எண் மரம் விழுந்து தரை அதிர்ந்தது. கோடாலியோடு நிமிர்ந்தவன் ஊர்க்காரன் சுப்பையன். அவனுக்குப் பின்னால் கரடு முழுக்க ஆட்கள். கொடுவாளும் கோடாலியும் விழுகிற சத்தம் நாலா பக்கமும் கேட்டது. நாலைந்து மரம் தள்ளி ஆடு மேய்க்கிற சாமியாத்தாள் ஒரு வெள்வேலைக் கொத்திக்கொண்டிருந்தாள். அந்த மரத்துக் காய்தான் கோடையில் அவள் ஆடுகளுக்குத் தீனி. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வசவு வைத்தாள், முகமெல்லாம் கண்ணீராக இருந்தது.

"நிறுத்துங்க, வெட்டாதீங்க" என்று அன்புக்கரசி ஓடினாள். "காப்பாத்தறதுக்குத்தான் நெம்பர் போட்டேன்."

"யாருக்கு காப்பாத்தறீங்க அம்மணி, லச்சுமணசாமிக்கா?" என்றான் சுப்பையன். கோபத்திலும் அவன் மரியாதையை விடவில்லை. "ரோட்டோரத்துல நெம்பர் போட்டவனும் இதையேதானுங்க சொன்னான். அவன் லாரியில போறதுக்கு எங்க அடுப்புல எரிஞ்சு போவட்டும். அக்கட்டால போங்க."

அவன் அடுத்த மரத்துக்குத் திரும்பினான். எட்டாம் எண். அந்தச் சதுரத்திலேயே, ஏன் கரட்டிலேயே, வயதான உசிலை அதுதான். அவள் மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். யாரோ பின்னாலிருந்து கூந்தலைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். பாறையில் முழங்கை மோதித் தோல் உரிந்தது. எழுவதற்குள் முதுகில் ஒரு உதை விழுந்தது. தடுக்க வந்த எழிலை இருவர் முள்ளுக்குள் தள்ளி மிதித்தார்கள். அவன் நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கி, பாவம், யார் அடிக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

எட்டாம் எண்ணில் கோடாலி விழுந்தது. பட்டை பிளந்து உள்ளே வெளுப்புத் தெரிந்தது. அந்த வெளுப்பைப் பார்த்ததும் அன்புக்கரசிக்குத் தலைக்கேறியது. பக்கத்தில் இருந்த இரும்பு முளையை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். சுப்பையன் மறுபடி கோடாலியை ஓங்கினான். ஓங்கிய கையில், மணிக்கட்டுக்கு மேலே, இருக்கிற பலமெல்லாம் சேர்த்து அடித்தாள். சுள்ளி முறிகிற சத்தம்தான் கேட்டது. கோடாலி கீழே விழுந்தது. கை தொங்கிவிட்டது.

அவன் கத்தவில்லை. கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு இன்னொரு அடி போட வேண்டும் போல இருந்தது. அதுதான் அவளையே பயமுறுத்தியது.

கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது. அடுத்தது கொடுவாள்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் கீழே ஹாரன் கேட்டது. வெள்ளைக் கார் ஒன்று மேய்ச்சல் பாதையில் ஏறி வந்து நின்றது. இறங்கினவன் லட்சுமணசாமியின் தம்பி மகன் ரோஹன். விழுந்து கிடந்த மரங்களை நிதானமாகப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "நாங்க ஆள் விட்டு வெட்டியிருந்தா கேஸ் ஆயிருக்குமுங்க. மரம் நின்னா குவாரி கிடையாதுன்னு இந்த மேடம்தான் குறுக்க நின்னாங்க. இப்ப சோலி முடிஞ்சுது." அன்புக்கரசி பக்கம் திரும்பித் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "ரத்தத்தைக் கழுவிக்குங்க மேடம்."

 சாமியாத்தாள் கொடுவாளைக் கீழே போட்டாள். ஆட்டுக்குத் தழை இழுக்கிற தொரட்டியை எடுத்து, கொக்கியை அவன் சட்டைக் கழுத்தில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தாள். அவன் முகம் குப்புறப் பாறையில் விழுந்தான். பல் ஒன்று தெறித்து விழுந்தது. அதற்குப் பிறகு எத்தனை கால்கள் அவன் மேல் விழுந்தன என்று சொல்ல முடியாது. கார்க் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. நிறுத்தச் சொல்லி அன்புக்கரசி வாயைத் திறக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் எழில்தான் தட்டுத்தடுமாறி உள்ளே புகுந்து, செத்துருவான், விடுங்க என்று அவனை இழுத்துக் காருக்குள் போட்டான்.

டிரைவர் காரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு சாமியாத்தாள் அன்புக்கரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையைக் கிழித்துக் காதோரம் அழுத்தினாள்.

"நெம்பர் போடாம இருந்திருந்தா?"

"யாரும் தொட்டிருக்க மாட்டீங்க" என்றாள் அன்புக்கரசி. அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. நல்ல மரமாகப் பார்த்துப் பார்த்து அவளேதான் காட்டிக் கொடுத்திருந்தாள். எண் இல்லாத சின்ன மரங்களெல்லாம் ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டே குழு அதிகாரிக்குப் போன் செய்தாள். அவர் வளைத்துப் பேசவில்லை. பெரிய மரம் இல்லாவிட்டால் அது வெறும் புதர்தான், முட்காடு என்று ஏற்ற முடியாது என்றார். "அடிமரத்தைக் கணக்கில் எடுக்கலாம். ஆனா அது இந்த வாரம் வரைக்கும் நின்ன மரம்னு வெட்டினவங்களே எங்க முன்னாடி சொல்லணும். நீங்க சொன்னா செல்லாது. புறம்போக்கு மரம், ஒத்துக்கிட்டவங்க மேல கேஸ் வரும். யார் வந்து சொல்லுவாங்க?"

அன்று மாலையே தலையில் கட்டோடு ஊருக்குப் போய்ச் சாமியாத்தாள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள், கேஸ் வரும் என்பதையும் மறைக்காமல். கூடியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.  சுப்பையன் அங்கே இல்லை. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஊட்டுக்குள்ள படுத்திருக்கறானுங்க என்றார்கள். அவன் ஒரு புகார் கொடுத்தால் அவளுக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. கொடுப்பானா என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. லட்சுமணசாமியும் வக்கீலோடு வந்திருந்தார். கரட்டில் ஒரு ஆள் இல்லை. வெட்டுப்பட்ட இடங்களில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. "இதெல்லாம் எப்பவோ வெட்டினதுங்க" என்று வக்கீல் ஆரம்பித்தார்.

பாறைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியாத்தாள் வந்தாள். நேராகப் போய் ஒரு வெள்வேல் அடிமரத்தின் மேல் ஏறி நின்றாள்.

"மூணாம் நெம்பருங்க. நாந்தானுங்க வெட்டுனேன். திங்கக்கெழமை."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். கல்லெறிந்தவர்கள், மிதித்தவர்கள், அன்புக்கரசியின் கூந்தலைப் பிடித்து இழுத்தவர்கள். ஆளுக்கொரு அடிமரத்தில் ஏறி எண்ணைச் சொன்னார்கள், பெயரைச் சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். ஏழு மட்டும் காலியாக இருந்தது. லட்சுமணசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பையன் மெதுவாகத்தான் ஏறி வந்தான். கழுத்திலிருந்து தொங்கிய மாவுக்கட்டை மறு கையால் தாங்கிக்கொண்டு ஏழாம் எண்ணின் மேல் நின்றான்.

"ஏழுங்க. நான் வெட்டுனது. எட்டையும் வெட்டப் போனேனுங்க, முடியலைங்க."

"கையில என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

லட்சுமணசாமியின் வக்கீல் நிமிர்ந்தார்.  சுப்பையன் அன்புக்கரசியை ஒரு தடவை பார்த்தான். பிறகு வெட்டுக்காயத்தோடு நின்றுகொண்டிருந்த எட்டாம் எண்ணைப் பார்த்தான்.

"மரம் அடிச்சுப்போட்டுதுங்க" என்றான்.