வலது எஞ்சின் விளக்கு

மதுரையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் அந்த டகோட்டா விமானத்தில், வலது எஞ்சின் தீப்பிடித்தால் எரிவதற்கென்று ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. தீப்பிடிக்காமலே அது எரிந்தது. உப்புக்காற்றில் நுழைந்ததும் எரியும். யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் சமர்த்தாக அணைந்துவிடும். மெக்கானிக்குகள் பல்பை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், கைவிட்டார்கள். கடைசியில் கேப்டன் ஹமீது சுல்தான் தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டினார். அன்றுமுதல் எல்லாக் கேப்டன்களுக்கும் அதுவே வழக்கமாயிற்று.

விளக்கு எரிந்தால் எஞ்சினை நிறுத்தி, நெருப்பணைக்கும் கைப்பிடியை இழுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை மதித்தவன் துணை விமானி பால்சாமி ஒருவன்தான். வைகாசியில் ஒருமுறை இழுத்தான். உச்சிப்புளியில், யுத்த காலத்து ஓடுதளத்தில், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு நடுவே ஒற்றை எஞ்சினோடு இறங்கினார்கள். பயணிகள் பாதி நாள் பொட்டலில் வெந்தார்கள். எஞ்சினைத் திறந்தால் உள்ளே கரிகூட இல்லை.

"இன்னொரு தடவை இழுத்தீர்னா, அந்தக் கைப்பிடியக் கையில பிடிச்சுக்கிட்டே ஊருக்கு நடக்கலாம்" என்றார் கம்பெனி மேனேஜர்.

அதற்குப் பிறகு ஆவணியில் அவன் மனைவி சேதுலட்சுமி இறந்தாள். நிறைமாதம். இரண்டு முறை வலி என்றாள். இரண்டு முறையும் வண்டி கட்டிக்கொண்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டும் பொய் வலி. மூன்றாவது முறை சொன்னபோது அவன் வேலைக்குப் போக யூனிபாரம் மாட்டிக்கொண்டிருந்தான். "இதுவும் அதுதான். செத்த நேரம் படு, போயிட்டு வாரேன்" என்றான். அவள் வாசல்வரை நடந்துவந்து வழியனுப்பினாள். அவன் யாழ்ப்பாணம் போய்த் திரும்பியபோது தாயும் பிள்ளையும் முடிந்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்தான். யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் ஹமீது சுல்தானோடு பறந்தான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. திருப்பாலைக்குடி நெருங்கியதும் கேப்டன் வழக்கம்போல் விமானத்தைத் தாழ்த்தினார். அவர் வீடு அங்கே. மனைவி நஃபீசா மொட்டை மாடியில் நிற்பாள். சிறகைச் சாய்த்துக் காட்டுவார். பின்னால் பயணிகள் அலறுவார்கள். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"அந்தா நிக்கிறா பாரு, பச்சைச் சீலை. நேத்து மீன் ஆணத்துல உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னேன், பேசவே இல்ல. இப்பக் கையாட்டுறா."

அப்போது விளக்கு எரிந்தது.

"ஒன் சிநேகிதி வந்துட்டா" என்று கேப்டன் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

"அண்ணே, இன்னும் கரை தாண்டலையே. இன்னைக்கி முன்னாலேயே எரியுது."

"அதுக்கு என்ன அவசரமோ. ஒனக்குத்தான் பொண்டாட்டி இல்லாமப் போச்சு. ஒரு லைட்டாவது கண்ணடிக்கட்டும்லே."

பால்சாமி சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை. வலப்பக்கக் கண்ணாடி வழியே எஞ்சினைப் பார்த்தான். புகை இல்லை. சீராக ஓடிக்கொண்டிருந்தது. சேதுலட்சுமியும் அன்று வாசல்வரை நடந்துதான் வந்தாள்.

எஞ்சினை நிறுத்திக் கைப்பிடியை இழுத்தான்.

"ஏலே! என்னலே செஞ்ச?"

வலது விசிறி நின்றது. உயரத்தில் இருந்திருந்தால் ஒற்றை எஞ்சினோடு உச்சிப்புளிவரை போயிருக்கலாம். தென்னந்தோப்புக்குக் கொஞ்சம் மேலே, பின்னால் அளவுக்கு மீறி ஏற்றிய துணிப் பொதிகளோடு, அந்த விமானத்தால் எழ முடியவில்லை.

"இழுத்துட்டேல்ல, இப்பத் தூக்குலே" என்றார் கேப்டன். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

கரையை ஒட்டி, ஆள் உயரத் தண்ணீரில் விழுந்தார்கள். மூக்கு மணலில் புதைந்தது. வள்ளக்காரர்கள் கதவை உடைத்துப் பால்சாமியையும் நான்கு பயணிகளையும் உயிரோடு இழுத்தார்கள். மற்றவர்களைப் பிறகு எடுத்தார்கள். துணிப் பொதிகள் பிரிந்து, மூன்று நாள்வரை கரையெல்லாம் சீட்டித்துணி ஒதுங்கியது.

கடலிலிருந்து தூக்கிய வலது எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். நெருப்பு இல்லை.

விசாரணை ராமநாதபுரத்தில் நடந்தது. துணை விமானி விதிப்படி நடந்தார், குற்றமில்லை. தாழப் பறந்தது கேப்டனின் குற்றம் என்று முடிவாயிற்று. மேனேஜர் பால்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொழைச்சீர்யா" என்றார்.

தாழ்வாரத்தில் நஃபீசா நின்றுகொண்டிருந்தாள். கணவனுக்காக வீட்டுக்குள் இத்தா இருந்த நாலு மாதமும் முடிந்து அன்றுதான் வெளியே வந்திருந்தாள்.

"தம்பி, நெருப்பு இருந்துச்சா?"

"இல்லைங்க."

"அது பொய்யின்னு அவுக சொல்லலையா?"

"சொன்னாரு."

"பொறகு?"

பதில் இருந்தது. அது சேதுலட்சுமியிலிருந்து தொடங்க வேண்டிய பதில். இவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"பயந்துட்டேன்" என்றான்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சிறகைச் சாய்க்கவும் வெளையாடுறாகன்னு நெனச்சேன் தம்பி. விழுகுற வரைக்கும் கையாட்டிக்கிட்டே நின்னேன்."

பங்குனியில் அவனைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். வேறு டகோட்டா, வேறு கேப்டன். விசாரணைக்குப் பிறகு கம்பெனி ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தது. எல்லா விமானங்களிலும் அந்த விளக்கைப் பிடுங்கி, ஓட்டையில் ஒரு வட்டத் தகரத்தை வைத்துத் திருகியிருந்தது.

"இனிமே தொந்தரவு இல்ல" என்று புதுக் கேப்டன் தூக்குவாளியைத் திறந்தார். "இட்லி எடும்யா. அங்கன என்னத்தப் பாக்கிறீர்?"

கீழே திருப்பாலைக்குடி போய்க்கொண்டிருந்தது. பால்சாமி கீழே பார்க்கவில்லை. வலப்பக்கக் கண்ணாடியில் நெற்றியை வைத்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது சீராக ஓடியது. யாழ்ப்பாணம்வரை அவன் கண்ணை எடுக்கவில்லை.