அடைப்பு வீடு

பெங்களூரில் ஒரு அறையும் ஒரு அடுப்பு மேடையும் இருந்த பொந்துக்குக் கொடுத்த வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கு, சோமனூர் பக்கம் எங்களுக்கு ஒரு முழு வீடே கிடைத்தது. வாசலில் வேப்பமரம், பின்னால் துணி துவைக்கத் தனிக் கல், மூன்று அறைகள். இவ்வளவு மலிவாக ஒன்று கிடைத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் கணவர் அருள்குமார்தான், "சும்மா இரு, இங்கெல்லாம் இதான் வாடகை" என்று என் வாயை அடைத்தார்.

வீட்டுக்காரம்மா நஞ்சம்மாள் சாவியைக் கொடுக்கும் முன்பே விஷயத்தை உடைத்துவிட்டார்.

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மிணி. எங்கூட்டுக்காரரு போயிப் பதினஞ்சு நாளாச்சு. அவிட்ட நட்சத்திரத்துல போயிட்டாரு. ஆறு மாசம் அடைப்பு. நாங்க இந்த ஊட்டுல இருக்கக்கூடாது, வெள்ளகோவில்ல மகன்கிட்டப் போறேன். எங்க சனம் யாரும் இங்க குடிவர மாட்டாங்க. பூட்டிப் போட்டா வெளக்கு வெக்க ஆளில்லீங்க."

சில நட்சத்திரங்களில் இறந்தவர் உடனே கிளம்பிவிடுவதில்லையாம். ஆறு மாதம் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பாராம். அதுவரை அவர் உயிர் போன அறையைப் பூட்டிவைத்து, தினமும் அந்தியில் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு விளக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைக்க வேண்டும். இதுதான் வாடகைக் குறைவுக்கு விலை.

"வெக்கறப்பப் பேரச் சொல்லி வெக்கோணுங்க. பேரு சொல்லாத தண்ணி யாருக்கும் போய்ச் சேராது" என்றார் நஞ்சம்மாள்.

"அவர் பேர் என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் சொல்லவில்லை. கேட்டில் பதித்திருந்த பலகையைக் காட்டினார். ஆறுச்சாமி என்று இருந்தது. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியும் புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்பிள்ளை. பெங்களூரில் ஆணி அடிக்காதே, சத்தமாகப் பேசாதே என்று ஆயிரம் சட்டம் போட்ட ஓனர்களைப் பார்த்தவள் நான். செத்தவருக்குத் தண்ணீர் வை என்பது அதற்கெல்லாம் எவ்வளவோ மேல் என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

அருள் இந்தப் பக்கத்துக்காரர். பெங்களூரில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவர், இப்போது திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் இன்சார்ஜ். பத்தே நாளில் அவருக்குப் பழைய நாக்கு திரும்பி, ஊடு, ஏனுங்க என்று ஆரம்பித்துவிட்டார். நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மளிகைக் கடையில் வாய் தவறிக் கன்னடத்தில் விலை கேட்டால், கடைக்காரர் என்னை வடக்கத்திப் பெண் என்று நினைத்து இந்தியில் பதில் சொன்னார். குழாயில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை. சுற்றிலும் விசைத்தறிகள் விடிந்ததிலிருந்து தடதடவென்று ஓடும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தலை வலித்தது. பிறகு அது நின்றால்தான் ஒரு மாதிரி இருந்தது.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது ஒரு கேள்விதான். குழாயடியில் ஒருத்தி, "எத்தன கொழந்தைங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணு" என்றேன். அதே நாள் சலூனில் அருளிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் "இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் தெருவே எங்களில் ஒருவர் பொய் சொல்கிறோம் என்று முடிவுகட்டிவிட்டது.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம். எங்கள் மகள் யாழினிக்கு ஐந்து வயது. நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஓனர் கேட்டைத் திறக்கவில்லை. மாடியில் விசேஷம் இருக்கிறது, நேராகக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். சின்னப் பிள்ளை என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள். பெண்கள் வரக்கூடாது என்று என்னை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் போனது ரேவதி நட்சத்திரம். அதற்கும் ஆறு மாதம் அடைப்பு உண்டு என்று பிறகு யாரோ சொன்னார்கள். எந்த அறையைப் பூட்டுவது? இருந்ததே ஒன்று, அதில்தான் நாங்கள் படுக்க வேண்டும்.

மூன்று மாதம்கூட ஆகாமல் நாங்கள் அந்த ஊரை விட்டோம். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிறகு அங்கே மூச்சுவிடக்கூடக் கட்டுப்படியாகவில்லை. டெம்போவில் கிரைண்டர் வந்தது, பீரோ வந்தது, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகூட வந்தது. பிள்ளை மட்டும் வரவில்லை. அவளுக்கு எங்கள் புது விலாசம் எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பழைய விலாசத்துக்குப் போய் நின்றிருப்பாள். வேறு யாரோ கதவைத் திறந்திருப்பார்கள். இந்த நினைப்பு வந்தால் எனக்குக் கையில் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டும்போல இருக்கும். சில நாள் எறிந்தும் இருக்கிறேன்.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் செய்தேன். "ஆறுச்சாமி ஐயா, தண்ணி குடிச்சுக்கங்க." விளக்கு, டம்ளர், முடிந்தது வேலை.

பிறகு ஒருநாள் மின்பராமரிப்பு என்று காலையில் போன கரண்ட் அந்தி வரை வரவில்லை. தறிகள் எல்லாம் ஓய்ந்து ஊரே காது அடைத்த மாதிரி கிடந்தது. கதவுக்கு முன்னால் குத்தவைத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து, கதவின் அடியில், நகத்தால் பிறாண்டுகிற சத்தம். இரண்டு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை.

பெங்களூரில் நான் குளிக்கப் போனால் யாழினி பாத்ரூம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து இப்படித்தான் பிறாண்டுவாள். சீக்கிரம் வரச் சொல்லி.

"யாழினி?" என்றேன். சத்தம் நின்றது. கையில் டம்ளர் இருந்தது. "தண்ணி குடி தங்கம்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யார் பெயரைச் சொன்னேன் என்று உறைத்தது. மாற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

காலையில் பார்த்தால் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. அருளிடம் காட்டினேன்.

"எலியா இருக்கும் புள்ள."

"எலி டம்ளரைக் கவுக்காம குடிக்குமா?"

அவர் ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து நான் தண்ணீர் வைக்கவில்லை. பால் வைத்தேன், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு. சில நாள் குறையும், சில நாள் அப்படியே ஆடை கட்டிக் கிடக்கும். குறையாத நாளில் அவளுக்கு என்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். என் பிள்ளைதானே.

அதன் பிறகு எனக்கு இந்த ஊர் பிடிக்க ஆரம்பித்தது. தலைக்கு எண்ணெய் வைத்தேன். நல்ல தண்ணீர் வரும் நாள் விரல்நுனியில் நின்றது. கடைக்காரரிடம் "ஏனுங்க" போட்டுப் பேசினேன், அவரும் இந்தியை விட்டுவிட்டார். ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். வெள்ளகோவிலிலிருந்து நஞ்சம்மாள் போன் செய்து, "வெச்சாச்சுங்களா அம்மிணி?" என்று கேட்பார். "வெச்சாச்சுங்க" என்பேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

ஒருநாள் ஷிப்மென்ட் முடிந்து அருள் சீக்கிரம் வந்துவிட்டார். நான் கதவுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"யாரு பேரச் சொன்னே?"

"உங்க மக பேரை. மறந்துபோச்சா?"

"அது அந்த ஐயாவுக்கு வெக்கறது, வினிதா. செத்தவங்க பங்கப் புடுங்கறதா? எங்கூர்ல எதிரிக்குக்கூட அதச் செய்யமாட்டாங்க."

"பாவம் வந்தா எனக்கு வரட்டும். நீங்க 'இல்லீங்க இல்லீங்க'ன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிங்க."

அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் அவளக் குழியில எறக்குனேன். இந்த ரெண்டு கையால. நீ பாக்கல, நான் பாத்தேன். என்னைப் போயி 'இருக்கா'ன்னு சொல்லச் சொல்றியே."

அன்றிலிருந்து அவர் அந்த அறைப் பக்கம் முகத்தையே திருப்புவதில்லை. நானும் நிறுத்தவில்லை.

அடைப்பு முடியும் நாள் நெருங்கியது. வெள்ளிக்கிழமை காலை பூசை செய்து அறையைத் திறக்கிறோம், அன்றைக்கே காலி செய்துகொடுங்கள் என்று நஞ்சம்மாள் சொன்னார். மருமகள் உண்டாகியிருக்கிறாள், பேரப்பிள்ளை இந்த வீட்டில்தான் வளர வேண்டும். அருள் இரண்டு தெரு தள்ளி ஒரு லைன் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மறுபடியும் பிள்ளையை விட்டுவிட்டு வண்டி ஏற வேண்டுமா? ஒருமுறை செய்ததற்கே இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் சாமான்கள் முன்னாலேயே போய்விட்டன. நஞ்சம்மாள் மகனோடும் ஒரு பூசாரியோடும் வந்து இறங்கினார். கையில் ஒரு தட்டு. வெற்றிலை, பழம், அதன்மேல் ஒரு பட்டுப்புடவை.

"பெத்த மக செய்யறதச் செஞ்சிருக்கீங்க அம்மிணி. வாங்கிக்கங்க" என்று நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அருள் என் முழங்கையை அழுத்தினார். வாங்கிக்கொள், வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாங்கம்மா. முதல் மாசம் மட்டுந்தான் அவர் பேரைச் சொன்னேன். அப்புறம் செத்துப்போன எம் பொண்ணு பேரைச் சொல்லித்தான் வெச்சேன். எட்டு மாசம் முன்னால ரேவதியில போனவ, அவளுக்கு வெக்க எங்களுக்கு இடம் கிடைக்கலைங்க."

மகன் அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"நாலரை மாசம்" என்றார் நஞ்சம்மாள். "கடைசி ரெண்டு நாளு தொண்டையில ஒரு சொட்டு எறங்கல அவருக்கு. தண்ணி தண்ணின்னே போனாரு. அதுக்குத்தானே அம்மிணி உங்ககிட்ட அத்தன தடவ போன் பண்ணுனேன். நீங்க வெக்கறதப் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்திருப்பாரே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பாவம் என்னுடையது, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பூசாரியின் சொம்பை வாங்கிக்கொண்டு நஞ்சம்மாள் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "ஆறுச்சாமி" என்றார். மகன் திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தார். "ஆறுச்சாமி, தண்ணி கொண்டாந்திருக்கேன். குடிச்சுட்டு நல்லபடியாப் போயிட்டு வாங்க." சொம்பை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பூட்டைத் திறந்தார்கள். ஒரு கட்டில், சுருட்டிவைத்த மெத்தை, ஜன்னலில் ஒட்டடை. கதவின் ஓரத்தில் சிமெண்டு பெயர்ந்து ஒரு எலிப்பொந்து இருந்தது. அருள் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

நஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "உள்ள வாங்க அம்மிணி. எனக்கு உங்க மேல இருக்கற கோவம் எனக்கும் உங்களுக்கும் நடுவுல. கொழந்தை என்ன பண்ணுச்சு? அதுக்கும் நாள் தாண்டிப் போச்சு, இன்னும் புடிச்சு வெக்காதீங்க. 'போயிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பிடுங்க. எம் பேரப்புள்ள வர்ற ஊடு இது."

நியாயமான பேச்சு. நான் அறை நடுவில் போய் நின்றேன். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். இரண்டே சொல். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் சொல்லவிடாமல் தடுத்தார்கள். இன்றைக்குச் சொல் என்கிறார்கள். எனக்கு வரவில்லை.

"வா யாழினி" என்றேன். "இது அவங்க வீடு. அம்மாகூட வா."

பூசாரி நஞ்சம்மாளைப் பார்த்தார். நஞ்சம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் யாரையும் பார்க்காமல், சுண்டுவிரலை மட்டும் கீழே நீட்டியபடி, மெதுவாக நடந்து வெளியே வந்தேன். ஐந்து வயதுக் காலுக்கு ஏற்ற நடை.

அருள் எனக்கு முன்னாலேயே வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். நான் அவருக்குப் பின்னால், நடுவில் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வண்டி உறுமிக்கொண்டே நின்றது, அவர் கிளப்பவில்லை.

"ஏறிட்டாளா?" என்று கேட்டார்.